ஈரம் காட்டும் கம்பி: பெரிய மான்ஸ்டெரா தொட்டிக்கு வாங்கலாமா?

ஆன்லைனிலும் செடிக் கடைகளிலும் ‘சாயில் மாய்ஸ்சர் மீட்டர்’ என்ற பெயரில் விற்கும் கருவியைப் பற்றிய மதிப்புரை இது. மேலே உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தலை, அதில் 1 முதல் 10 வரை எண் போட்ட முகப்பு, கீழே சுமார் 20 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கம்பி அல்லது இரண்டு கம்பி. பேட்டரி கிடையாது. விலை பெரும்பாலும் 300 முதல் 600 ரூபாய்க்குள். மண்ணில் குத்தினால் முள் நகரும். 1 முதல் 3 வரை சிவப்பு, காய்ந்த மண். 4 முதல் 7 வரை பச்சை, ஈரம். 8 முதல் 10 வரை நீலம், நீர் நிறைந்த மண். சிவப்பில் நின்றால் ஊற்று, நீலத்தில் நின்றால் ஊற்றாதே. அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

8 அங்குலத் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். விரலை இரண்டு கணு இறக்கினால் தெரிந்துவிடும், ஒரு கையால் தூக்கிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். பெரிய செடி வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. அகலமான இலைகளில் துளையும் பிளவும் விழும் வீட்டுச் செடி மான்ஸ்டெரா. அது ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கும் 14 அங்குலத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 30 சென்டிமீட்டர், விளிம்புக்குக் கீழே விட்ட இடைவெளி போக உள்ளே 17 லிட்டர் அளவுக்கு மண்கலவை. விரல் எட்டுவது 7 சென்டிமீட்டர். அதற்குக் கீழே ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் ஆழத்துக்கு என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மேல்மண் வெளிறிப் பொடியாக இருக்கும்போதே அடியில் சேறாக இருக்கலாம். வேர் அழுகல் தொடங்குவது அங்கேதான். அந்த ஆழத்தை எட்டுவதுதான் இந்தக் கம்பியின் உண்மையான பயன். அதற்காக வாங்கலாம். ஆனால் முகப்பில் உள்ள எண்ணுக்கும் வண்ணத்துக்கும் பெட்டி சொல்லும் அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் செடிக்குக் கேடுதான்.

காரணம், இந்தக் கருவி தண்ணீரை அளப்பதே இல்லை. கம்பியின் நுனி ஒரு உலோகம், தண்டு வேறொரு உலோகம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வளையம். இரட்டைக் கம்பி வகையில் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு உலோகம். இருவேறு உலோகங்கள் உப்புக் கரைந்த ஈரத்தில் நின்றால் சிறு மின்னோட்டம் பிறக்கும். பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியும் துத்தநாகத் தகடும் செருகிச் செய்யும் சோதனையில் நடப்பதும் இதுதான். முள்ளை நகர்த்துவது அந்த மின்னோட்டம். மண்ணில் ஈரம் கூடினால் அது கூடும், சரி. உப்பு கூடினாலும் கூடும். கம்பியைச் சுற்றிக் காற்று இடைவெளி இருந்தால் குறையும்.

வாங்கியதும் இதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக் கம்பியின் நுனியும் அதற்கு மேல் தண்டில் கொஞ்சமும் நனையும்படி சில நொடிகள் வையுங்கள். முழுக்கத் தண்ணீரில் நின்றாலும் முள் உச்சிக்குப் போகாமல் தயங்கும். அதே டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினால் முள் சட்டென்று ஏறும். தண்ணீரின் அளவு மாறவே இல்லை. (கம்பியை நீரில் ஊறவிடக் கூடாது என்று பெரும்பாலான கருவிகளின் குறிப்புத்தாளில் இருக்கும், அது சரியான எச்சரிக்கை. சோதித்ததும் எடுத்துத் துடைத்துவிடுங்கள்.)

நம் ஊரில் இந்த உப்பு விஷயத்தை லேசாக விட முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் 1000-ஐச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அதை ஊற்ற ஊற்ற நீர் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சாக, தொட்டியின் விளிம்பில் வெள்ளை வளையமாகத் தெரிவது அதுதான். அப்படிப்பட்ட தொட்டியில் மண் பாதி காய்ந்திருந்தாலும் முள் நீலத்தைத் தொடும். நன்றாகக் கழுவாத தென்னை நார்த்தூளிலும் உப்பு நிறைய உண்டு. உரம் கரைத்து ஊற்றிய அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் முள் மேலேயே நிற்கும். நேர்மாறாக, ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீரையோ மழைநீரையோ மட்டும் ஊற்றுபவர்களுக்குக் கருவி எப்போதும் குறைத்தே காட்டும். அவர்கள் முகப்பை நம்பி இன்னும் இன்னும் ஊற்றுவார்கள். ஏ.சி. நீர் மான்ஸ்டெராவுக்கு மிக நல்லது. அதை இந்த முள்ளுக்காகக் கைவிட வேண்டாம், எண்ணை மட்டும் வேறு மாதிரி படிக்க வேண்டும்.

மாறாக, ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உள்ளே போன நீரைவிட அதில் உப்பு அதிகம். மழையே படாத வீட்டுக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து அந்த உப்பு எங்கும் போகாது. இலை நுனியும் ஓரமும் மொறுமொறுப்பாகப் பழுப்பாவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அரிக்கா பனைக்கு இன்னும் சீக்கிரம் நுனி கருகும். அந்த நீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கம்பியா, இரட்டைக் கம்பியா என்றால் பெரிய தொட்டிக்கு ஒற்றைக் கம்பி. அதில் அளவு பெரும்பாலும் நுனியைச் சுற்றித்தான் நடக்கிறது. 5 சென்டிமீட்டரில் ஒரு எண், 12-ல் ஒரு எண், 20-ல் ஒரு எண் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். இரட்டைக் கம்பி வகையில் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தின் முழு நீளமும் வேலை செய்கிறது. அடிமண் மட்டும் நனைந்திருந்தால்கூட முள் ஏறிவிடும், எந்த மட்டத்தில் ஈரம் என்று சொல்லாது. பாதி இறக்கினால் ஒரு எண், முழுக்க இறக்கினால் வேறு எண். நமக்கு வேண்டியதே ஆழத்துக்கு ஆழம் உள்ள வித்தியாசம் என்பதால் அந்த வகை உதவாது.

‘ஒன்றில் மூன்று’ என்று ஈரம், வெளிச்சம், பி.எச். (மண்ணின் அமிலத்தன்மை) மூன்றையும் காட்டுவதாக வரும் மாதிரிகள் கூடுதலாக 100 ரூபாய் கேட்கும். அதில் பி.எச். பகுதியை இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தன்மையை அளக்கத் தனி மின்முனைகள் வேண்டும். இங்கே அதே மின்னோட்டம்தான் வேறொரு அளவுகோலில் ஓடுகிறது. அந்த எண்ணை நம்பிச் சுண்ணாம்பும் கந்தகமும் போடத் தொடங்கினால் செடி வீணாகும். வெளிச்ச அளவு துல்லியமில்லை, ஆனாலும் ஜன்னலோரத்துக்கும் அறையின் உட்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை முடிவு செய்வது வெளிச்சம்தான். அந்த வகையில் அது உதவும்.

இனி இந்தக் கருவியைப் பயனுள்ளதாக்கும் வேலை. முகப்பின் எண்களுக்கு உங்கள் தொட்டியில் என்ன அர்த்தம் என்று முதலில் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கம்பியில் 5, 12, 20 சென்டிமீட்டர் இடங்களில் அழியாத மையால் கோடு போடுங்கள். தொட்டியை அடியில் நீர் வடியும்வரை முழுக்க நனைத்து, மறுநாள் காலை மூன்று ஆழத்திலும் எண்ணைக் குறியுங்கள். அதுதான் உங்கள் ‘நிறைந்த’ எண். அது 10 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, 7 ஆகவும் இருக்கலாம். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். கூடவே ஒரு மூங்கில் குச்சியையும் அதே ஆழத்துக்கு இறக்கிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். 12 சென்டிமீட்டர் வரை குச்சி வெளிறி உலர்ந்தும், அதற்குக் கீழே லேசாகக் கருத்துக் குளிர்ந்தும் வரும் நாள்தான் மான்ஸ்டெராவுக்கு ஊற்ற வேண்டிய நாள். அன்று 12-லும் 20-லும் முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதி வையுங்கள். இரண்டு சுற்று இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு குச்சி தேவையில்லை. வண்ணங்களை மறந்துவிட்டு உங்கள் எண்களை மட்டும் பார்த்தால் போதும். தண்ணீரின் மூலத்தை மாற்றினாலோ, மண்ணை மாற்றினாலோ, இந்த எண்கள் செல்லாது. மறுபடி எடுக்க வேண்டும்.

குத்தும் இடமும் முக்கியம். தண்டுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் குத்துங்கள். தண்டை ஒட்டித் தடித்த வேர்கள் இருக்கும். சுவரை ஒட்டி மண் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும், அங்கே கம்பி காற்றைத்தான் அளக்கும். எதிரெதிரே இரண்டு இடங்களிலாவது பாருங்கள். கம்பியைச் சுற்றி மண்ணை விரலால் லேசாக அமுக்கி, ஒரு நிமிடம் கழித்து எண்ணைப் படியுங்கள். குத்தியதும் ஒரு எண் காட்டி மெதுவாக நகர்வது இந்த வகைக் கருவியின் இயல்பு. எப்போதும் ஒரே நேர இடைவெளியில் படித்தால்தான் நேற்றையதோடு இன்றையதை ஒப்பிட முடியும். தடை தட்டினால் அழுத்தாதீர்கள். வேராக இருந்தால் குத்துப்பட்ட இடம் அழுகும், ஓட்டுச் சில்லாக இருந்தால் கம்பி வளையும். வெளியே எடுத்து வேறிடம் பாருங்கள்.

20 சென்டிமீட்டரில், அதாவது கிட்டத்தட்ட அடியில், ஊற்றிய பிறகு சில நாட்களுக்கு எண் உச்சத்திலேயே நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்தத் தொட்டியிலும் வடிந்து முடிந்த பிறகும் அடிமட்டத்தில் ஒரு அடுக்கு நீர் தங்கும். துளை திறந்தே இருந்தாலும் மண்ணின் நுண்துளைகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அடியில் ஜல்லி பரப்பினால் வடியும் என்ற நம்பிக்கை தவறானது. அந்த நீரடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இன்னும் கிட்டே வரும். துளையை மண் அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லு போதும். எண் ஒரு வாரம் தாண்டியும் இறங்கவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். துளை அடைபட்டிருக்கலாம், தட்டில் நீர் தேங்கியிருக்கலாம், மண் மிக நுண்ணியதாக இருக்கலாம், அல்லது வேரே வேலை செய்யாமல் நின்றிருக்கலாம்.

நர்சரியிலிருந்து வந்து இன்னும் ஒரு வருடம் ஆகாத செடியில் இந்தக் கருவி மிக மோசமாக ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கருப்புப் பையில் இறுகிய செம்மண் உருண்டையோடு செடி வருகிறது. அதை அப்படியே இறக்கிச் சுற்றிலும் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து நிரப்புகிறோம். உருண்டை ஒருமுறை முழுக்கக் காய்ந்து இறுகிவிட்டால், ஊற்றும் நீர் சுற்றியுள்ள இளக்கமான கலவை வழியாகவே இறங்கி அடியில் வழிந்துவிடும். கம்பியை வெளிக்கலவையில் குத்துவதால் முள் 8 காட்டும். வேர்கள் இருக்கும் நடு உருண்டை கல்லாகக் கிடக்கும். செடி வாடுகிறது, கருவி ஈரம் என்கிறது, வேர் அழுகிவிட்டது என்று முடிவு கட்டித் தண்ணீரை நிறுத்துகிறார்கள். அதனால் புதுச் செடியில் ஒரு குத்தாவது பழைய உருண்டைக்குள் சாய்வாக இறங்க வேண்டும். உருண்டை காய்ந்திருந்தால் தண்டைச் சுற்றி மெல்லிய குச்சியால் நான்கைந்து துளை போட்டு, அரை மணி நேரம் விட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றி நனைக்க வேண்டும். அடுத்த முறை தொட்டி மாற்றும்போது உருண்டையின் வெளிப்பக்க மண்ணை உதிர்த்துவிட்டு நடுங்கள்.

பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துணுக்கு, மரப்பட்டைத் துண்டு, கரி என்று பெரிய துணுக்குகள் அதிகம் உள்ள கலவையில் நட்டிருப்பவர்களுக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்க முடியாது. நுனி இரண்டு பட்டைகளுக்கு நடுவே காற்றில் நின்றால், நன்றாக நனைந்த தொட்டியிலும் 2 காட்டும். அப்படிப்பட்ட கலவைக்கு மூங்கில் குச்சியே மேல்.

எண் வந்துவிட்டது, ஊற்றுவது எப்படி? அரை மக் இன்று, அரை மக் நாளை என்பது பெரிய தொட்டிக்கு ஒத்துவராது. மேல் 5 சென்டிமீட்டர் எப்போதும் நசநசவென்று இருக்கும், அங்கே சின்னக் கறுப்புக் கொசு போன்ற ஈக்கள் முட்டையிடும். நடுமண் காய்ந்தே கிடக்கும். மேலே சொன்ன 17 லிட்டர் கலவைக்கு ஊற்றும் நாளில் 3 முதல் 4 லிட்டர் வரை பிடிக்கும். பூவாளியால் முதலில் ஒரு லிட்டரை மண்ணின் மேல்பரப்பு முழுவதும் சுற்றி ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். காய்ந்த நார்த்தூள் முதலில் நீரை ஏற்காது, அதற்கு அந்த நேரம் வேண்டும். பிறகு ஒன்றரை லிட்டர், மறுபடி பத்து நிமிடம். கடைசியாக, அடித்தட்டில் 400 முதல் 600 மில்லி வரை நீர் வரும்வரை ஊற்றுங்கள். முதல் லிட்டரிலேயே அடியில் நீர் வந்துவிட்டால் மண் நனைந்துவிட்டது என்று அர்த்தமல்ல, சுவரோர இடைவெளியில் நழுவிப் போகிறது. விளிம்பில் மண்ணை அமுக்கி இடைவெளியை மூடிவிட்டு மெதுவாகத் தொடருங்கள்.

அரை மணி நேரம் கழித்துத் தட்டில் உள்ளதைக் கொட்ட வேண்டும். இவ்வளவு கனமான தொட்டியைத் தூக்கிக் கொட்ட முடியாது என்பதால், தட்டுக்குள் மூன்று ஓட்டுத் துண்டுகளை வைத்து அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள். தட்டு நீர் அடிமண்ணைத் தொடாது; ஒரு பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்கோ பால்கனிக்கோ நகர்த்தி, உப்புக் குறைந்த நீரை 30 லிட்டருக்குக் குறையாமல் மெதுவாக ஓடவிட்டு உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அதன்பின் கருவியின் ‘நிறைந்த’ எண் இறங்கும், குறித்துக்கொள்ளுங்கள். மண் மாற்றாமல் உப்பு வெளியேறியதா என்று வீட்டில் பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஈரத்தை அளப்பதில் குறையாக இருக்கும் தன்மை இங்கே உதவியாகிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்குக் கருவி இல்லாமல் பதில் சொல்வது கடினம். ஏப்ரல், மே மாதங்களில் ஜன்னலோர மான்ஸ்டெரா ஐந்தாறு நாளில் அந்த எண்ணுக்கு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வானம் மூடிக் காற்றும் ஈரமாக இருக்கும்போது, அதே தொட்டி இரண்டு வாரம்கூடத் தாங்கும். வேர் அழுகல் அதிகமாக நடப்பது அந்த மாதங்களில்தான், கோடைப் பழக்கத்தில் கை தானாக ஊற்றுவதால். அரிக்கா பனைக்கு வேறு கணக்கு: 12 சென்டிமீட்டர் வரை காயவிடக் கூடாது, மேல் 5 சென்டிமீட்டர் உலர்ந்ததுமே ஊற்றிவிடலாம்.

செடி சொல்வதும் கருவி சொல்வதும் முரண்பட்டால் செடியின் பக்கம் நில்லுங்கள், ஆனால் சரியாகப் படியுங்கள். அடி இலைகள் ஒன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் மஞ்சளாகி, இலையில் மஞ்சள் விளிம்போடு கரும்பழுப்புத் திட்டு வந்தால் நீர் அதிகம். இலை உள்பக்கம் சுருண்டு, ஓரம் காகிதம்போல் காய்ந்தால் நீர் குறைவு அல்லது உப்பு. தொய்வு மட்டும் இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அழுகிய வேரும் நீரை உறிஞ்சாது. அப்போதுதான் 20 சென்டிமீட்டர் எண் கைகொடுக்கும். அதிகாலையில் இலை நுனியில் துளித்துளியாக நீர் நிற்பது நோய் அல்ல, மண்ணில் ஈரம் தாராளமாக இருக்கிறது என்பதற்கான அறிகுறி. அன்று ஊற்ற வேண்டாம்.

இதைவிட நல்ல கருவி உண்டா என்றால், மின்தேக்குத் திறனை அளக்கும் வகை உண்டு. ஒரு பொருள் மின்னூட்டத்தைத் தேக்க எவ்வளவு உதவும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு மின்கடவாப் பண்பெண் என்று பெயர். நீருக்கு அது ஏறத்தாழ 80, காற்றின் எண் 1, உலர்மண்ணில் உள்ள தாதுக்களுடையது சில எண்களே. அந்தப் பெரிய வித்தியாசத்தை வைத்து நீரை அளப்பதால் உப்பு அவ்வளவாகக் குழப்பாது. மின்னணுப் பொழுதுபோக்குக் கடைகளில் பட்டையாகக் கிடைக்கும் உணரிகள் மலிவு, ஆனால் அவற்றோடு இணைக்கத் தனி மின்சுற்றுப் பலகையும் கொஞ்சம் நிரல் அறிவும் வேண்டும். பட்டையின் வெட்டு விளிம்பு வழியாக ஈரம் உள்ளே ஏறி அளவு கெடும் என்பதால் விளிம்புக்கு நகப்பூச்சு பூசிவிட்டுத்தான் மண்ணில் இறக்க வேண்டும். நீளமும் குறைவு, பெரிய தொட்டியின் அடியை எட்டாது. அதனால் 14 அங்குலத் தொட்டிக்கு இன்னமும் நீளமான ஒற்றைக் கம்பியே நடைமுறைக்கு ஏற்றது.

பராமரிப்பு எளிது. படித்ததும் வெளியே எடுத்து, துணியால் துடைத்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். தொட்டியிலேயே அழகுக்கு நட்டு வைத்தால் உலோகங்களில் ஒன்று அரித்துக்கொண்டே போகும். நுனி கருத்து, முள் 1-ஐ விட்டு அசையாமல் போகும். பாதி விமர்சனங்களில் ‘கெட்டுப்போன கருவி’ என்று திட்டு வாங்குவது இப்படித்தான். மாதம் ஒருமுறை நுனியைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வரும்.

பார்சல் வந்த அன்றே மூன்றைப் பாருங்கள். கையில் பிடித்திருக்கும்போது முள் அடியில் நிற்க வேண்டும், பாதியில் சிக்கி நிற்கக் கூடாது. ஈரத்துணியை நுனியும் தண்டும் சேர்ந்து நனையும்படி இறுக்கிச் சுற்றினால் தயங்காமல் ஏறி, எடுத்ததும் இறங்க வேண்டும். நுனிக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் வளையம் ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். அங்கே விரிசல் இருந்தால் ஈரம் உள்ளே புகுந்து, கருவி நிரந்தரமாக ‘ஈரம்’ என்றே காட்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.